கறுப்பசாமியைத் தாண்டிப் போன வாக்கியம்

போன வாரம் இந்த ஆசிரியர் பயிற்சி வகுப்பில் உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டீர்கள்: "மேடம், ஒரு வினைச்சொல்லை அன்றாட வாக்கியங்களில் பேச வைப்பது எப்படி?" நான் சிரித்து மழுப்பிவிட்டுப் போய்விட்டேன். கேள்வி என்னவோ லேசான கேள்விதான். பதில் சொல்ல வாயைத் திறந்தால் எனக்கு ஒரு ஜீப்பும் ஒரு மலைப்பாதையும் ஒரு கறுப்பசாமியும் ஞாபகத்துக்கு வந்து தொலைக்கின்றன.

வினைச்சொல்லை எப்படி நடத்துவது என்பது உங்கள் கையேட்டிலேயே இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். அதில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். முன்கூட்டியே ஒன்று: நான் செய்தது சரியா தப்பா என்று எனக்கே இன்றுவரை பிடிபடவில்லை. தெளிவு வேண்டும் என்பவர்கள் இப்போதே எழுந்து டீ குடிக்கப் போகலாம். கோபித்துக்கொள்ள மாட்டேன். கோபம் வந்தாலும் காட்டிக்கொள்ள மாட்டேன்.

உத்தமபாளையம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வீட்டில் சும்மா இருந்தால் என் வீட்டுக்காரர் பாவம் என்பதால், கம்பத்தில் ஒரு பயிற்சி மையத்தில் மாலை வகுப்பு எடுக்கப் போனேன். பேக்கரிக்கு மேலே மாடி. எப்போதும் பப்ஸ் வாசனை. வந்தவர்கள் எல்லாரும் வேலை பார்க்கிறவர்கள். பேசும் இங்கிலீஷ் வந்தால் வேறு ஒரு கதவு திறக்கும் என்று நம்பி, நாள் முழுக்க உழைத்த களைப்போடு படியேறி வருவார்கள்.

அதில் மூன்று பேரை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். ஒருத்தி ஈஸ்வரி. அனுமந்தன்பட்டிக்காரி. கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் ஏலத் தோட்டத்துக்குத் தினமும் ஜீப்பில் கூலி வேலைக்குப் போய் வருவாள். குமுளியில் வெளிநாட்டுக்காரர்கள் வருகிற ஏலக்காய், மிளகுக் கடை ஒன்றில் விற்பனைக்கு நிற்க வேண்டும் என்பது அவள் கனவு. அந்தக் கடையில் இங்கிலீஷ் பேச்சும் கேட்டார்கள், படித்ததற்குச் சர்டிபிகேட்டும் கேட்டார்கள்.

இன்னொருவன் பாண்டி. ஈஸ்வரி போகிற ஜீப்பை ஓட்டுகிறவனே அவன்தான். காலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறுவான், சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவான். ராத்திரியில் தேனி மார்க்கெட்டுக்குக் காய்கறி லோடு அடிப்பான். சுற்றுலாக் கார் ஓட்டப் போக வேண்டும், அதற்கு இங்கிலீஷ் வேண்டும் என்று வந்தவன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தூங்கி விழுவான். "பாண்டி, கியரை மாத்து" என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள், அவனும் சிரித்துக்கொண்டே நிமிர்ந்து உட்காருவான்.

மூன்றாமவர் சுருளி ஐயா. திராட்சைத் தோட்டக்காரர். மகன் வெளிநாட்டில். மருமகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் தமிழ் வராது, அதனால் இவர் இங்கிலீஷ் படிக்க வந்தார். எந்த வாக்கியம் கேட்டாலும் அதில் திராட்சையை ஒரு கொத்தாவது சேர்த்துவிடுவார்.

என் வகுப்பு முறை ஒன்றேதான். ஒரு நாளைக்கு ஒரு வினைச்சொல். ஆளுக்கு ஒரு வாக்கியம். புத்தகத்து வாக்கியம் கூடாது. ராமும் சீதாவும் பூங்காவில் விளையாடியது எனக்கு வேண்டாம், உன் வீட்டில், உன் வேலையில் நடப்பதைச் சொல். வாக்கியம் சரியாக இருந்தால் நான் "வெரி குட்" என்பேன், எல்லாரும் கைதட்டுவார்கள், அடுத்த ஆள்.

இதில் ஆரம்பத்திலேயே கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. முதல் வாரத்தில் ஒரு பெண் எழுந்து "மை ஹஸ்பண்ட் ட்ரிங்க்ஸ்" என்றாள். கைதட்டினோம். மறுநாள் அவள் புருஷன் மாடிப்படியில் நின்றார். "யாருங்க டீச்சரு? நான் குடிய நிப்பாட்டி எம்புட்டு நாளாச்சு. இவ இங்கன வந்து இங்கிலீசுல என் மானத்த வாங்குறா!" என்றார். அந்தப் பெண் முழித்துக்கொண்டு, "நேத்து டீச்சர் நிகழ்காலந்தான நடத்துனாக" என்றாள். அவரைச் சமாதானப்படுத்தி, கீழே அழைத்துப் போய் டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அன்றைக்கு ஒரு சட்டம் போட்டேன். இந்த அறையில் சொல்லப்படுவது எல்லாம் வெறும் எக்ஸாம்பிள். பொய்யும் சொல்லலாம். யாரும் யாரையும் நெசமா என்று கேட்கக் கூடாது. இங்கே சொன்னது படி இறங்கக் கூடாது. இந்தச் சட்டம் வந்த பிறகுதான் எல்லாருக்கும் வாய் திறந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மையத்துக்கென்று தனியாக ஒரு சட்டம் இருந்தது. ஆறு மணிக்குள் விரல் ரேகை மெஷினில் கட்டைவிரல் வைக்க வேண்டும். குறிப்பிட்ட நாட்களுக்கு மேல் தவறினால் சர்டிபிகேட் கிடையாது. மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் அடிக்கடி தவறுவார்கள். அதிலும் ஈஸ்வரியும் பாண்டியும் அனுமதித்த நாட்களை எல்லாம் தீர்த்துவிட்டு, கயிற்றின் மேல் நடந்துகொண்டிருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் ஒரு நாள் 'ரஷ்' வந்தது.

நம் ஊரில் ரஷ் என்றால் கூட்டம். பஸ்ஸில் ரஷ், கோயிலில் ரஷ், ரேஷன் கடையில் ரஷ். இங்கிலீஷில் இது கால் சம்பந்தப்பட்ட விஷயம், பதறிக்கொண்டு ஓடுவது, அள்ளிக்கட்டிக்கொண்டு போவது என்று சொல்லிவிட்டு, வாசலிலிருந்து கரும்பலகைவரை நானே ஓடிக் காட்டினேன். இந்த வயதில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினால் யாருக்கும் மறக்காது. பாண்டி கடைசி பெஞ்சிலிருந்து, "இதத்தான் டீச்சர் நான் தெனமும் பண்ணிக்கிட்டிருக்கேன்" என்றான். சிரித்தோம்.

சுருளி ஐயா முதலில் எழுந்தார். "எவ்ரி சண்டே மை சன் ரஷஸ் ஆன் த போன். ஐ டெல் கிரேப்ஸ். ஹி கட்." ஒவ்வொரு ஞாயிறும் மகன் அவசர அவசரமாகப் பேசுகிறான், நான் திராட்சையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததும் வைத்துவிடுகிறான் என்று அர்த்தம். நான் "கட்" இல்லை "கட்ஸ்" என்று திருத்தி, வெரி குட் சொன்னேன். கைதட்டினோம்.

அடுத்து ஈஸ்வரி. எப்போதும் மூன்று சொல்லுக்கு மேல் தாண்டாதவள், அன்றைக்கு எழுந்து, கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு, மூச்சு விடாமல் சொன்னாள்: "பாண்டி பிரதர் ரஷஸ் பாஸ்ட் த டெம்பிள் எவ்ரி ஈவ்னிங். நவ் வி டோன்ட் கெட் டவுன்."

நான் அசந்துபோனேன். இரண்டு வாக்கியம்! ஒரு பிசகு இல்லை. "வெரி குட் ஈஸ்வரி! எக்ஸலண்ட்!" என்று நானே முதலில் கைதட்டினேன். அறையே அதிர்ந்தது. பாண்டி எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டினான். "நெக்ஸ்ட்" என்றேன்.

நல்ல வாக்கியம் கிடைத்தால் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சொல்லிப் பார்ப்பது எனக்குப் பழக்கம். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே வீட்டுக்காரரிடம் ஈஸ்வரியின் வாக்கியத்தைப் பெருமையாகச் சொன்னேன். அவருக்கு இங்கிலீஷில் அவ்வளவு ருசி கிடையாது. "தமிழ்ல சொல்லு" என்றார். சொன்னேன். "பாண்டி அண்ணன் தினமும் சாயங்காலம் கோயிலைத் தாண்டி விரட்டிக்கொண்டு வந்துவிடுகிறார். இப்போதெல்லாம் நாங்கள் இறங்குவதில்லை."

வீட்டுக்காரர் பேப்பரைக் கீழே வைத்தார். "என்னது, கறுப்பசாமிகிட்ட நிப்பாட்டாம வாரானா? எவன் அவன்?"

கத்தி என் கையிலேயே நின்றுவிட்டது.

கம்பம் மேட்டு மலைப்பாதையில் ஒரு வளைவில் கறுப்பசாமி இருக்கிறார். மரத்தடியில் மணிகள் கட்டித் தொங்கும், பக்கத்தில் ஊற்றுத் தண்ணீர் குழாய். தோட்டத்திலிருந்து இறங்குகிற எந்த ஜீப்பும் அங்கே நிற்கும். பெண்கள் இறங்கிச் சூடம் கொளுத்துவார்கள். டிரைவர் முகம் கழுவுவார், சக்கரத்தைச் சுற்றி வந்து பார்ப்பார், திருநீறு பூசிக்கொண்டு ஏறுவார். அதற்குள் பிரேக்கின் சூடும் கொஞ்சம் ஆறியிருக்கும். சாமிக்காக நிறுத்துகிறார்களா வண்டிக்காக நிறுத்துகிறார்களா என்று யாரும் பிரித்துப் பார்த்தது கிடையாது. அதற்குக் கீழேதான் மோசமான வளைவுகள் எல்லாம். இது கம்பத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் இங்கிலீஷில் கேட்டபோது எனக்கு அதில் கோயிலும் தெரியவில்லை, மலையும் தெரியவில்லை, ஜீப்புக்குள் இருந்த பெண்களும் தெரியவில்லை. வாக்கியம் மட்டும்தான் தெரிந்தது.

மறுநாள் ஈஸ்வரியைப் படிக்கட்டில் பிடித்தேன்.

"ஏத்தா, நேத்து நீ சொன்னது நெசமா?"

"எது டீச்சர்?"

"பாண்டி கறுப்பசாமிகிட்ட நிக்கிறதில்லையாம்ல."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மாடியைப் பார்த்தாள். "எக்ஸாம்பிளுக்குச் சொன்னேன் டீச்சர்."

"எக்ஸாம்பிளா?"

"நீங்கதான சொன்னீக, பொய்யும் சொல்லலாம், நெசமான்னு யாரும் கேக்கப்படாதுன்னு."

நான் போட்ட சட்டத்தை எடுத்து என் வாயையே அடைத்துவிட்டு மேலே ஏறிப் போனாள். எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. பாண்டியை நேராகக் கேட்கலாம். கேட்டால் ஈஸ்வரி புகார் சொன்னதாக ஆகும். அந்த ஜீப்பில் யாருக்கு இடம் என்பது பாண்டி கையில் இருக்கிறது. ஜீப்பில் இடம் இல்லையென்றால் தோட்டத்தில் வேலை இல்லை. அவன் அப்படிச் செய்கிறவன் இல்லைதான். இருந்தாலும் அவள் சோற்றை வைத்து நான் சோதனை செய்து பார்க்க முடியுமா? கேட்காமல் விட்டால், ஒரு ஜீப் நிறையப் பெண்கள் தூங்கி வழிகிற டிரைவரை நம்பி அந்த வளைவுகளில் தினமும் இறங்கி வருகிறார்கள். அல்லது அப்படி எதுவுமே இல்லை, அவள் நிஜமாகவே எக்ஸாம்பிள்தான் சொன்னாள். இருதலைக்கொள்ளி எறும்பு என்பார்களே, எனக்கு அந்தக் கொள்ளி இருக்கிறதா என்பதே தெரியவில்லை.

சுற்றி வளைத்து ஒரு தூண்டில் போட்டேன். "பாண்டி, நல்லாத் தூங்குறியாப்பா?"

"நல்லாத் தூங்குறேன் டீச்சர். இங்கனதான்" என்று பெஞ்சைத் தட்டிக் காட்டினான். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. ஈஸ்வரியும் சிரித்தாள். என் குழப்பம் இன்னும் கூடியது.

மையத்துப் பொறுப்பாளரிடம் போனேன். சின்னப் பையன், எப்போதும் கழுத்தில் அடையாள அட்டை. "வகுப்பை அரைமணி தள்ளி வைக்கலாமாப்பா?" என்றேன். "மெஷின் டைமை நம்ம மாத்த முடியாது மேடம், சென்னையில செட் பண்ணி அனுப்பிருக்காங்க" என்றான். கறுப்பசாமியைக்கூட வளைவைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லிக் கேட்கலாம் போல, சென்னையைக் கேட்க முடியாது.

கண்ணால் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். மேட்டுக்கு அந்தப் பக்கம் என் நாத்தனார் வீடு இருக்கிறது. அவளுக்கு இல்லாத காய்ச்சலை வரவழைத்து, பார்க்கப் போவதாகச் சொல்லிக் காலையிலேயே பஸ் ஏறிவிட்டேன். சாயங்காலம் பாண்டியின் ஜீப் வருகிற வழியில் போய் நின்றேன். "டீச்சர்! நீங்க எங்க இங்கன? ஏறுங்க, ஏறுங்க, ஒண்ணாவே கிளாசுக்குப் போயிறலாம்" என்று முன்சீட்டில் இடம் ஒதுக்கினான். எனக்குப் பக்கத்தில் பேச்சியம்மா என்ற பெண். பின்னால் மற்றவர்கள் மடிமேல் மடியாக. அவர்களுக்கு நடுவில் ஈஸ்வரி. என்னைப் பார்த்ததும் அவள் முகம் எப்படியோ ஆனது.

தூறல் விட்டு, பனிமூட்டமாக மஞ்சு இறங்கியிருந்தது. பாண்டி விரட்டினான். ஆனால் மலைப் பாதையில் எல்லா ஜீப்பும்தான் விரட்டுகிறது. எது வேகம், எது அதிவேகம் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் பார்த்தது வேறு ஒன்றை. நம் ஊரில் இரண்டு பெண்கள் சேர்ந்து உட்கார்ந்தால் வண்டிச் சத்தம் கேட்காது. அந்த ஜீப்பில் ஒருத்திகூட வாயைத் திறக்கவில்லை. எல்லார் கையும் எதையாவது பிடித்துக்கொண்டிருந்தது.

பாண்டி மட்டும் பேசினான், இங்கிலீஷில். "டீச்சர், ஐ ஸ்பீக் நவ். வெல்கம் சார். வெல்கம் மேடம். திஸ் இஸ் கார்டமம் எஸ்டேட். தட் இஸ் தமிழ்நாடு." சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்லப் போகிற வார்த்தைகள். ஒவ்வொன்றையும் ஆசையாகச் சொன்னான்.  தூக்கத்தை விரட்டத்தான் பேசுகிறான் என்பது, 'தட் இஸ்' என்பதற்கும் 'தமிழ்நாடு' என்பதற்கும் நடுவில் அவன் இமை மூடித் திறந்ததைப் பார்த்தபோதுதான் புரிந்தது.

தூரத்தில் மணி கட்டிய மரம் தெரிந்தது. வண்டி வேகம் குறையவில்லை.

"பாண்டி, நிறுத்துப்பா. சாமி கும்பிட்டுப் போவோம்."

"நாளைக்கிக் கும்பிட்டுக்கலாம் டீச்சர். ஆறுக்குள்ள மெஷினுல தம்பு வைக்கணும்ல."

"டீச்சரே இங்கன உக்காந்திருக்கேன். நான் இல்லாம அங்கன எவன் கிளாஸ் எடுப்பான்?"

"நீங்க இல்லாட்டியும் மெஷினு இருக்குமே டீச்சர்."

அவன் சொன்னது சரி.  மரம் நெருங்கிவிட்டது. பயமாக இருக்கிறது என்று சொன்னால், யார் சொல்லிக் கொடுத்தது என்று யோசிப்பான். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டேன். "குமட்டிக்கிட்டு வருது. இப்ப நிறுத்தலேன்னா உன் ஸ்டியரிங் மேலதான்."

ஜீப் கறுப்பசாமிக்கு முன்னால் போய் நின்றது.

பெண்கள் இறங்கியதைப் பார்க்க வேண்டும் நீங்கள்.  மடமடவென்று இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, மரத்தடியில் போய் நின்று கைகூப்பினார்கள். பாண்டி குழாயில் முகம் கழுவினான். "டீச்சர், சீக்கிரம்" என்று சொல்லிக்கொண்டே கல்மேல் உட்கார்ந்தான். முகத்துத் தண்ணீரைத் துடைக்கக்கூட இல்லை. தலை மரத்தில் சாய்ந்தது. தூங்கிவிட்டான்.

அவன் தூங்கியது உறுதியான பிறகுதான் பேச்சியம்மா வாயைத் திறந்தாள். குரல் தாழ்த்தித்தான் சொன்னாள். "இவுக ரெண்டு பேரும் இங்கிலீசு படிக்க, நாங்க இத்தன பேரு உசுரக் கையில பிடிச்சுக்கிட்டு வாரோம் டீச்சர். சொன்னா, படிக்கிற பிள்ளைகளக் கெடுத்த பாவம் வந்துருமேன்னு சொல்லாம வாரோம்."

ஈஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து என் பக்கத்தில் வந்து நின்றாள். "டீச்சர், அண்ணன எழுப்பட்டா? ஆறு மணி ஆயிரும்."

"எழுப்பாத" என்றாள் பேச்சியம்மா.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எல்லாருமே என்னைப் பார்த்தார்கள். டீச்சர் என்றால் எது சரி என்று தெரியும் என ஒரு நம்பிக்கை இருக்கிறதே, அதைப் போல எரிச்சலூட்டுவது வேறு எதுவும் இல்லை. இன்றைக்குக் கட்டைவிரல் வைக்காவிட்டால் இரண்டு பேர் பெயரையும் சர்டிபிகேட் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள். அது எனக்குத் தெரியும், ஈஸ்வரிக்குத் தெரியும். எழுப்பினால், பாதித் தூக்கத்தில், ஆறு மணியைத் துரத்திக்கொண்டு, ஈர ரோட்டில் அந்த வளைவுகளில் இறங்குவான். இத்தனை நாள் இறங்கியவன் இன்றைக்கும் பத்திரமாக இறங்கிவிடுவான் என்றும் தோன்றியது. இன்றைக்கு இறங்க மாட்டான் என்றும் தோன்றியது. எனக்கு ஒன்றுமே நிச்சயமாகத் தெரியவில்லை. இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நெருக்கடியில் உள்ளுக்குள் ஒரு குரல் வழிகாட்டும் என்பார்கள். எனக்கு எந்தக் குரலும் கேட்கவில்லை. அவன் முகத்தில் தண்ணீர் வழிந்து காய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தூங்கட்டும்" என்றேன்.

ஈஸ்வரி ஜீப்புக்குப் போய்த் தன் பையை எடுத்து வந்து, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மற்ற பெண்களும் உட்கார்ந்தார்கள். ஒருத்தி வெற்றிலையை எடுத்தாள். மெல்ல மெல்லப் பேச்சு ஆரம்பித்தது. சம்பந்தி வீட்டுக் கதை, மாட்டுக் கதை. பாண்டி எழுந்துவிடக் கூடாது என்று வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

என் போன் அடித்தது. பொறுப்பாளர். அவனுக்கு என்னிடம் இங்கிலீஷில்தான் பேச வேண்டும். "மேடம், வேர் ஆர் யூ? எல்லாரும் வெயிட்டிங்."

நான் கல்மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். "சாரிப்பா. வி ஆர் ரஷிங்" என்றேன்.

போனை வைத்ததும் பேச்சியம்மா, "என்ன சொன்னீக டீச்சர்?" என்று கேட்டாள்.

"எக்ஸாம்பிள்" என்றாள் ஈஸ்வரி. சொல்லிவிட்டுச் சிரித்தாள். கண் கலங்கியும் இருந்தது. எது எதற்காக என்று நான் கேட்கவில்லை.

பாண்டி கண் விழித்தபோது மணிகள் மஞ்சுக்குள் மறைந்திருந்தன. போனில் நேரத்தைப் பார்த்தான். கத்துவான் என்று நினைத்தேன். "ஏன் டீச்சர் எழுப்பல?" என்று மட்டும் கேட்டான். நான் ஏதோ முனகினேன். ஏறி உட்கார்ந்து, மெதுவாக, மிக மெதுவாக வண்டியை இறக்கினான். இங்கிலீஷ் பேசவில்லை.

இரண்டு பேர் பெயரையும் அடித்துவிட்டார்கள். பொறுப்பாளரிடம் சண்டை போட்டுப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். "மெஷின் ஏத்துக்காது மேடம்" என்பதற்குமேல் அவனுக்குப் பேச்சு வரவில்லை. பாண்டி அதற்குப் பிறகு வகுப்புக்கு வரவே இல்லை. ஈஸ்வரி மட்டும், சர்டிபிகேட் இல்லை என்று தெரிந்தும், தாமதமாகவாவது வந்து கடைசிவரை உட்கார்ந்து படித்தாள். குமுளிக் கடையில் சர்டிபிகேட் எங்கே என்றார்கள். வேலை கிடைக்கவில்லை. இன்றும் தோட்டத்துக்குத்தான் போகிறாள், அதே ஜீப்பில். ஜீப் கறுப்பசாமியிடம் நிற்கிறது. பாண்டி அங்கே கொஞ்ச நேரம் கண் அசருகிறான், பெண்கள் காத்திருக்கிறார்கள். அன்றைக்கு அவனை எழுப்பியிருந்தால் ஏதாவது நடந்திருக்குமா? நடந்திருக்காது என்றால், நான் இரண்டு பேர் வாழ்க்கையில் மண்ணை அள்ளிப் போட்டேன். நடந்திருக்கும் என்றால், இல்லை. இதை எந்தப் பரீட்சையில் வைத்துத் திருத்துவது?

உங்களுக்குப் பாடம் என்று ஒன்று சொல்லித்தான் தீர வேண்டும் என்றால் இதைத்தான் சொல்வேன். ஒருவர் வாக்கியம் சொன்னதும் வெரி குட் சொல்ல அவசரப்படாதீர்கள். மனதுக்குள் ஒரு தடவை தமிழில் சொல்லிப் பாருங்கள். உங்கள் வீட்டு அடுப்படியில் யாரோ ஒருவர் அதைச் சொல்வதாக நினைத்துப் பாருங்கள். பிறகு கைதட்டலாம். சுருளி ஐயாவிடமும் நான் அன்றைக்கு 'கட்ஸ்' என்று திருத்திய நேரத்தில், "மகன் ஏங்கய்யா போனை வச்சிர்றாரு?" என்று கேட்டிருக்கலாம்.

கொஞ்ச நாளைக்கு முன்னால் கம்பம் பஸ் ஸ்டாண்டில் ஈஸ்வரியைப் பார்த்தேன். ஊருக்கு டவுன் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தாள். ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"ஈஸ்வரி, வண்டி வேகமா வந்தாத்தான உனக்கும் சர்டிபிகேட்டு? பெறகு ஏன் அன்னிக்கு அதச் சொன்ன? சொல்லிட்டு ஏன் எக்ஸாம்பிள்னு மழுப்புன? மலையில ஏன் எழுப்பட்டான்னு கேட்ட?"

"சர்டிபிகேட்டும் வேணுமில்ல டீச்சர்" என்றாள். பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தாள். "பாண்டி அண்ணன் நல்லவரு. தமிழ்ல சொன்னா சண்டையாயிரும். இங்கிலீசுல சொன்னா நீங்க கேட்டு, ஏன்யா நிப்பாட்டலன்னு ஒரு வார்த்த அவருகிட்டக் கேப்பீகன்னு நெனச்சேன். ராத்திரியெல்லாம் தூங்காம மனப்பாடம் பண்ணிட்டு வந்தேன்."

"நான் கேக்கலையே."

"நீங்க கைதட்டுனீக. எல்லாரும் தட்டுனாக. அண்ணனும் தட்டுனாரு." பஸ் வந்தது. பையைத் தோளில் போட்டுக்கொண்டு படியில் கால் வைத்தவள் திரும்பிப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் வெளங்கல டீச்சர். நானும் தட்டிட்டேன்."